கியர் விழவில்லையா? பெட்டியை இறக்கும் முன் கொஞ்சம் பொறுங்கள்!

பழைய ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றைச் சொந்தமாக வைத்திருக்க வேண்டும் என்பது நம் இளைஞர்கள் பலரின் நெடுநாள் ஆசை. ஓவர்டைம் பார்த்து, மாதா மாதம் சேமித்து, சில வீடுகளில் அம்மாவின் சங்கிலியைக்கூட அடகு வைத்து அந்த ஆசையை நிறைவேற்றிக்கொள்கிறார்கள். கார் வீட்டுக்கு வந்த அன்று நான்கு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்துப் பூஜையும் போட்டாகிவிட்டது. அடுத்த வாரம் சாலை விளக்கில் பச்சை விழுகிறது. கிளட்ச்சை மிதித்து முதல் கியரைப் போட்டால் குச்சி உள்ளே போக மறுக்கிறது. பின்னால் நிற்கும் லோரிக்காரர் ஹாரனை விடுவதாக இல்லை.

எப்படியோ தள்ளிக்கொண்டு பக்கத்துப் பட்டறைக்குப் போனால் அங்குள்ள போமன் குச்சியை இரண்டு முறை ஆட்டிப் பார்க்கிறார். "கியர்பாக்ஸ் போச்சு தம்பி, இறக்கித்தான் பார்க்கணும்" என்கிறார்.

"எவ்வளவு ஆகும் அண்ணே?"

"இறக்கினாத்தான் தெரியும்."

இந்த இரண்டு வரி உரையாடலில்தான் பலருடைய சேமிப்பு கரைந்துபோகிறது. கியர் பெட்டியை இறக்குவது சின்ன வேலை இல்லை. இறக்கிய பிறகு 'பெட்டி நன்றாகத்தான் இருக்கிறது' என்று தெரிந்தாலும் கூலியைக் கொடுத்துத்தான் ஆக வேண்டும். அதைவிட முக்கியமான ஒன்று உண்டு. கார் விற்ற கடையிடம் நியாயம் கேட்க வேண்டிய நிலை வந்தால், வேறு பட்டறையில் பெட்டியைப் பிரித்துப் போட்ட பிறகு அந்தப் பேச்சு சிக்கலாகிவிடும். ஆகவே, கியர் விழவில்லை என்றதும் முதலில் கண்டுபிடிக்க வேண்டியது கோளாறு எந்த இடத்தில் இருக்கிறது என்பதைத்தான். இதில் பாதியை, ஒரு ஸ்பானர்கூட எடுக்காமல், காரின் உரிமையாளரே வீட்டு வாசலில் வைத்துக் கண்டுபிடித்துவிட முடியும்.

உதாரணத்துக்கு ஒரு கார்

எல்லாக் காரையும் ஒரே மூச்சில் பேசினால் குழப்பம்தான் மிஞ்சும். மஸ்டா நிறுவனத்தின் எம்எக்ஸ்-5 காரை உதாரணமாக எடுத்துக்கொள்வோம். 1989ஆம் ஆண்டு பிப்ரவரி மாதம் அமெரிக்காவின் சிகாகோ மோட்டார் கண்காட்சியில் முதன்முதலில் காட்டப்பட்ட இரண்டு இருக்கைத் திறந்த கார் இது. ஜப்பானில் அப்போது யூனோஸ் ரோட்ஸ்டர் என்ற பெயரில் விற்கப்பட்டது. 2016ஆம் ஆண்டு ஏப்ரலில் பத்து லட்சமாவது கார் தயாரிக்கப்பட்டது. இரண்டு இருக்கை ஸ்போர்ட்ஸ் கார்களில் உலகிலேயே அதிகம் விற்ற கார் என்று கின்னஸ் புத்தகத்தில் இடம்பெற்றதும் இதுதான்.

இதன் என்ஜின் ஒன்றும் பெரிய அரக்கன் அல்ல. முதல் கார்களில் 1.6 லிட்டர், 1993ஆம் ஆண்டு முதல் 1.8 லிட்டரும் வந்தது. வேகத்தைவிட ஓட்டும் சுகத்துக்காகப் பெயர் வாங்கிய கார் இது. குதிரையும் அதன்மேல் இருப்பவரும் ஓருடல் ஆவதுபோல் காரும் ஓட்டுநரும் இருக்க வேண்டும் என்பதே இதை உருவாக்கியவர்கள் வைத்துக்கொண்ட கொள்கை. அந்தச் சுகத்தில் பெரும்பங்கு கியர் குச்சிக்கு உரியது. மணிக்கட்டை லேசாக அசைத்தால் போதும், 'டக்' என்று விழும். அப்படிப்பட்ட காரில் கியர் மக்கர் செய்தால் வாங்கியவருக்கு மனம் உடைந்துபோவதில் வியப்பில்லை.

1989 முதல் 2005 வரை வந்த முதல் இரண்டு தலைமுறை எம்எக்ஸ்-5 கார்கள் இப்போது இருபது, முப்பது வயதைத் தாண்டிவிட்டன. பல கைகள் மாறியவை. அதோடு, இத்தகைய கார்கள் தினமும் வேலைக்கு ஓடுபவை அல்ல. வாரக் கடைசியில் மட்டும் வெளியே வருபவை. மாதக்கணக்கில் போர்வை போர்த்தி நின்றவையும் உண்டு. ஓடாமல் நிற்கும் காருக்கு ஓடித் தேய்ந்த காரைவிட விசித்திரமான நோய்கள் வரும்.

காலிலிருந்து கியர் வரை

கியர் எப்படி விழுகிறது என்பதைத் தெரிந்துகொண்டால் மற்றது எளிது. என்ஜின் சுற்றிக்கொண்டே இருக்கிறது. அதன் சுழற்சி கிளட்ச் தட்டு வழியாகக் கியர் பெட்டிக்குள் போகிறது. கியரை மாற்ற வேண்டுமானால் அந்த இணைப்பைக் கண நேரம் துண்டிக்க வேண்டும். அதற்காகத்தான் இடது கால் கிளட்ச்சை மிதிக்கிறது.

மிதிக்கும் விசை எண்ணெய் அழுத்தமாக மாறிப் போகிறது. என்ஜின் அறையில், ஓட்டுநரின் காலுக்கு நேர் எதிரே இருப்பது கிளட்ச்சின் மேல் பம்ப். அங்கிருந்து குழாய் வழியாகப் பிரேக் எண்ணெய் தள்ளப்பட்டு, கியர் பெட்டியின் பக்கவாட்டில் இருக்கும் கீழ் பம்ப்பை அடைகிறது. கீழ் பம்ப்பின் தண்டு வெளியே நீண்டு ஒரு நெம்புகோலைத் தள்ள, அது கிளட்ச்சை விடுவிக்கிறது. இந்த இரண்டு பம்ப்புகளுக்குள்ளும் இருப்பவை சாதாரண ரப்பர் வளையங்கள். அவை தேய்ந்தால் எண்ணெய் கசியும், அழுத்தம் குறையும், மிதியைத் தரை வரை அழுத்தினாலும் கிளட்ச் முழுதாக விடாது. கிளட்ச் பாதி ஒட்டிக்கொண்டிருக்கும்போது எந்தக் கியரும் சொன்னபடி கேட்காது.

கியர் பெட்டிக்குள் நடப்பது வேறு கதை. வெவ்வேறு வேகத்தில் சுற்றும் இரண்டு சக்கரங்களை இணைக்க வேண்டும். நேராக இணைத்தால் பல்லோடு பல் மோதும். அதைத் தடுக்க ஒவ்வொரு கியருக்கும் கூம்பு வடிவில் ஒரு வளையம் உண்டு. சின்க்ரோ என்பார்கள். இது பெரும்பாலும் பித்தளையால் ஆனது. கியர் விழும் முன் இந்த வளையம் உரசி இரண்டின் வேகத்தையும் சமப்படுத்துகிறது. ஓடும் பேருந்தில் ஏறுபவர் கூடவே நான்கு அடி ஓடிவிட்டு ஏறுகிறார் அல்லவா, அதே தந்திரம்தான். அந்த வளையம் தேய்ந்துவிட்டால் 'கர்ர்ர்' என்ற சத்தம் கேட்கும்.

ஆக, கோளாறு இருக்கக்கூடிய இடங்கள் மூன்று: கிளட்ச்சை விடுவிக்கும் பாதை, கியர் குச்சியும் அதன் அடிப்பாகமும், கடைசியாகப் பெட்டியின் உள்பகுதி. செலவும் ஏறக்குறைய இதே வரிசையில்தான் ஏறும். அதனால் தேடலையும் இதே வரிசையில் நடத்துவதுதான் புத்திசாலித்தனம்.

வாசலிலேயே செய்யும் சோதனை

சமமான தரையில் காரை நிறுத்தி, கைப்பிரேக்கை இழுத்து, என்ஜினை அணைத்துவிடுங்கள். முதல் வேலையாக, ஓட்டுநர் பக்கத் தரைவிரிப்பை எடுத்து வெளியே போடுங்கள். சிரிக்க வேண்டாம். முன்பு வைத்திருந்தவர் ஆசைக்குப் போட்ட கனமான விரிப்பு, கிளட்ச் மிதி கீழே போவதை ஓர் அங்குலம் தடுத்துக்கொண்டிருக்கும். கியர் கடினமாக விழுகிறது என்ற புகார் விரிப்பை எடுத்ததோடு முடிந்துபோவதும் உண்டு. இதற்குப் பட்டறையில் பணம் கொடுப்பதுபோல் வயிற்றெரிச்சல் வேறில்லை.

அடுத்து, என்ஜின் அணைந்த நிலையிலேயே கிளட்ச்சை முழுக்க மிதித்து, ஒன்று முதல் ஐந்து வரையிலும் ரிவர்ஸிலும் கியரைப் போட்டுப் பாருங்கள். ஏதாவது ஒன்று முட்டிக்கொண்டு நின்றால் பதற வேண்டாம். பல்லுக்கு நேராகப் பல் நிற்கும்போது அப்படி ஆகும். காரை ஓர் அடி உருட்டிவிட்டு மறுபடியும் போட்டால் விழும்.

இப்போது என்ஜினை முடுக்கி அதையே செய்யுங்கள். அணைந்திருக்கும்போது வெண்ணெயில் கத்தி இறங்குவதுபோல் விழுந்த கியர்கள், என்ஜின் ஓடும்போது எல்லாமே அடம்பிடிக்கின்றனவா? அப்படியானால் பெட்டியின் மேல் பழிபோட அவசரப்படாதீர்கள். கிளட்ச் முழுதாக விடவில்லை என்பதற்கு இதுவே முதல் அடையாளம்.

அதை உறுதிப்படுத்த இன்னொரு வழி உண்டு. காரின் முன்னும் பின்னும் ஆளோ சுவரோ இல்லாத இடமாகப் பார்த்துக்கொள்ளுங்கள். நியூட்ரலில் என்ஜின் ஓட, கிளட்ச்சை மிதித்தபடி மனத்துக்குள் பத்து வரை எண்ணுங்கள். அதன் பிறகு நிதானமாக ரிவர்ஸைப் போடுங்கள். கிளட்ச் சரியாக விட்டிருந்தால் இந்தப் பத்து விநாடியில் உள்ளே சுற்றிக்கொண்டிருந்த தண்டு நின்றிருக்கும், சத்தமில்லாமல் விழும். அப்போதும் 'கர்ர்' என்றாலோ, மிதித்திருக்கும்போதே கார் நகரப் பார்த்தாலோ கிளட்ச் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. மாறாக, எண்ணாமல் உடனே போடும்போது மட்டும் ரிவர்ஸ் லேசாகச் சத்தமிட்டால் கவலை வேண்டாம். பல கார்களில் அது வழக்கமானதுதான்.

மிதியை இரண்டு மூன்று முறை வேகமாக மிதித்து விட்டு மிதித்ததும் கியர் விழுகிறதா? எண்ணெய்ப் பாதையில் காற்று புகுந்திருக்கிறது அல்லது பம்ப் அழுத்தத்தை இழந்துவிட்டது. மிதி பஞ்சுபோல் இருப்பதும், மேலே வராமல் தரையோடு ஒட்டிக்கொள்வதும் இதே ரகம்தான்.

இதற்கு நேர்மாறான நிலையும் உண்டு. எல்லாக் கியரும் நன்றாக விழுகின்றன. இரண்டாவது மட்டும் கரகரக்கிறது. அப்போது பார்வை பெட்டிக்குள் திரும்ப வேண்டும். கிளட்ச் விடாவிட்டால் பொதுவாக எல்லாக் கியருமே தொல்லை கொடுக்கும். சின்க்ரோ தேய்ந்தால் அந்தக் கியர் மட்டும் தனியாக முனகும்.

எண்ணெய்க் குப்பியும் கீழ் பம்ப்பும்

முதல் இரண்டு தலைமுறை எம்எக்ஸ்-5 கார்களில் கிளட்ச்சுக்கென்று தனி எண்ணெய்க் குப்பி இருக்கிறது. பிரேக் குப்பியைப் பார்த்துவிட்டு 'எண்ணெய் நிறைய இருக்கிறதே' என்று ஏமாந்துவிடக் கூடாது. மூடியைத் திறந்து பாருங்கள். எண்ணெய் குறைந்திருந்தால் எங்கோ கசிகிறது. கறுத்துப்போய் அடியில் வண்டல் தங்கியிருந்தால் உள்ளே ரப்பர் கரைந்துகொண்டிருக்கிறது.

இந்தக் கார்களில் கீழ் பம்ப் கெட்டுப்போவது வெகு சாதாரணம். அதைச் சோதிப்பதும் சுலபம். பம்ப்பின் முனையில் தூசு போகாமல் இருக்க ஒரு ரப்பர் உறை இருக்கும். அதன் விளிம்பை விரலால் லேசாக விலக்கினால் உள்ளே எண்ணெய் நனைந்திருக்கிறதா என்று தெரிந்துவிடும். நனைந்திருந்தால் கதை முடிந்தது, குற்றவாளி பிடிபட்டான். இதற்குக் காருக்கு அடியில் போக வேண்டியிருக்கும். ஜாக் மட்டும் வைத்துத் தூக்கிய காருக்கு அடியில் எக்காரணத்தைக் கொண்டும் படுக்காதீர்கள். உறுதியான தாங்கிகள் வைத்த பிறகுதான் போக வேண்டும். அதற்கு வசதி இல்லையென்றால் பட்டறையில் லிப்ட் மேல் ஏற்றிக் காட்டச் சொல்லுங்கள். இந்தச் சோதனைக்கு ஐந்து நிமிடம் போதும்.

நம் நாட்டு ஈரப்பதத்தையும் இங்கே சொல்லியாக வேண்டும். பிரேக் எண்ணெய் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் தன்மை கொண்டது. ஆண்டுக்கணக்கில் மாற்றாமல் விட்டால் அந்த ஈரம் பம்ப்பின் உட்சுவரைத் துருவேற்றும். துருவேறிய சுவரில் புது ரப்பரைப் போட்டாலும் சில வாரங்களில் அறுந்துவிடும். அதனால்தான் வெறும் ரப்பர் மட்டும் மாற்றுவதைவிட முழு பம்ப்பையும் மாற்றுவது மேல். மேல் பம்ப்பும் அதே வயது உடையது என்றால் இரண்டையும் சேர்த்து மாற்றிவிடுவது நல்லது. கீழே புதிதாகிப் பழைய அழுத்தம் திரும்பியதும், மேலே இருக்கும் கிழவர் கசியத் தொடங்குவார். குப்பியில் ஊற்ற வேண்டியது மூடியில் குறிப்பிட்டுள்ள டாட் ரகப் பிரேக் எண்ணெய் மட்டுமே. கையில் கிடைத்த ஸ்டியரிங் எண்ணெயையோ என்ஜின் எண்ணெயையோ ஊற்றினால் ரப்பர் அத்தனையும் ஊதிப்போய்விடும்.

நீண்ட நாள் ஓடாமல் நின்ற காரில் இன்னொரு விசித்திரம் நடக்கும். கிளட்ச் தட்டு, அதை ஒட்டியுள்ள இரும்புச் சக்கரத்தோடு துருவால் ஒட்டிக்கொள்ளும். பம்ப் இரண்டும் நன்றாக இருக்கும். மிதியும் கெட்டியாக இருக்கும். கியர் மட்டும் விழாது. கார் எவ்வளவு காலம் நின்றது என்று விற்றவரிடம் கேட்டாலே இதற்குப் பாதி விடை கிடைத்துவிடும்.

குச்சியின் அடியில் ஒரு சின்னக் கிண்ணம்

பல கார்களில் கியர் குச்சிக்கும் பெட்டிக்கும் இடையே நீண்ட கம்பிகள் ஓடும். எம்எக்ஸ்-5 காரில் குச்சி நேராகப் பெட்டியின் மேலேயே அமர்ந்திருக்கிறது. அந்த 'டக்' சுகத்தின் ரகசியம் இதுதான். ஐந்து கியர் பெட்டியில் குச்சி உட்கார்ந்திருக்கும் இடத்தில் ஒரு சின்னக் கிண்ணம்போல அமைப்பு இருக்கிறது. அதற்குத் தனியாக எண்ணெய் உண்டு. ஏறக்குறைய 90 மில்லிலிட்டர். பெட்டியின் எண்ணெய் மாற்றும்போது இது தானாக மாறாது. இந்தக் காரைப் பற்றித் தெரியாத பட்டறையில் இதை யாரும் தொட்டே இருக்க மாட்டார்கள். முப்பது வயதுக் காரில் அது காய்ந்தே போயிருக்கும்.

அதன்மேல் இரண்டு ரப்பர் உறைகள் இருக்கின்றன. அவை கிழிந்தால் ஓட்டுநர் அறைக்குள் கியர் குச்சியைச் சுற்றி அனலடிக்கும்; இரைச்சலும் ஏறும். 'ஏர்கோன் சரியில்லை' என்று பலர் எண்ணிக்கொள்வது இந்தக் கிழிசலைத்தான்! குச்சியின் நுனியில் ஒரு சின்ன பிளாஸ்டிக் தொப்பியும் உண்டு. அது தேய்ந்தால் குச்சி தளதளவென்று ஆடும். எந்தக் கியரில் நிற்கிறது என்றே கைக்குத் தெரியாது.

உறை, தொப்பி, புது எண்ணெய் எல்லாம் சேர்த்து மாற்றினாலும் ஒரு பிற்பகல் வேலைதான். கியர் குமிழைத் திருகி எடுத்து, நடுப்பகுதி மூடியைக் கழற்றினால் மேலிருந்தே செய்துவிடலாம். காருக்கு அடியில் போகவே தேவையில்லை. மணலில் குச்சியை நுழைப்பதுபோல் கரடுமுரடாக இருந்த கியர், இந்த ஒரு வேலையிலேயே பெருமளவு மென்மையாகிவிடும். முன்பு வைத்திருந்தவர் குட்டையான ரேஸ் ரகக் குச்சியைப் போட்டிருந்தால் அதையும் சந்தேகப்படுங்கள். குச்சி குட்டையானால் கை தள்ள வேண்டிய விசை கூடும். அதைக் கோளாறு என்று எண்ணிப் பெட்டியைப் பிரிப்பது வீண்.

இரண்டாவது கியரின் முனகல்

காலையில் முதல் சில நிமிடங்கள் இரண்டாவது கியர் கரகரப்பது இந்தக் காரின் பழைய பழக்கம். எண்ணெய் குளிர்ந்து கெட்டியாக இருக்கும்போது சின்க்ரோவால் வேகமாக வேலை செய்ய முடிவதில்லை. ஜப்பானிலும் ஐரோப்பாவிலும் பனிக்காலத்தில் இதைப் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. ஆனால், மலேசியாவில் விடியற்காலையிலும் அப்படி என்ன குளிர்? கேமரன் மலையில் குடியிருப்பவர் வேண்டுமானால் இந்தச் சமாதானத்தைச் சொல்லலாம். கிள்ளானிலோ ஈப்போவிலோ கால் மணி நேரம் ஓடி எண்ணெய் சூடான பிறகும் இரண்டாவது கியர் கரகரத்தால், சின்க்ரோ தேய்ந்திருக்கிறது என்றே கொள்ள வேண்டும். 'இந்தக் கார் எல்லாம் அப்படித்தான் பாஸ்' என்று விற்பவர் சொல்வதை முழுதாக நம்பிவிடக் கூடாது.

அப்போதும் முதலில் எண்ணெயை மாற்றிப் பாருங்கள். ஐந்து கியர் பெட்டிக்கு இரண்டு லிட்டர் பிடிக்கும். கையேட்டில் சொல்லியுள்ள 75டபிள்யூ-90 ரகத்தில், ஜிஎல்-4 தரத்தையே இந்தக் கார் வைத்திருப்போர் பலரும் விரும்புகிறார்கள். ஜிஎல்-5 என்பது பின் அச்சு போன்ற அதிக அழுத்தம் உள்ள இடங்களுக்கு ஏற்ற ரசாயனங்கள் கூடுதலாகக் கலந்தது. சில ஜிஎல்-5 எண்ணெய்களில் சின்க்ரோ உரச வேண்டிய இடத்தில் வழுக்கும். வழுக்கினால் வேகம் சமமாகாது, கியர் கரகரக்கும்.

பழைய எண்ணெயை வடிக்கும்போது அருகில் நின்று பாருங்கள். வடிகால் திருகில் சாம்பல் நிறப் பசைபோல் கொஞ்சம் ஒட்டியிருந்தால் அது வயதுக்குரிய தேய்மானம். எண்ணெயில் தங்கப் பொடிபோல் மின்னினால் அது சின்க்ரோவின் பித்தளை. விரலில் தட்டுப்படும் இரும்புச் சில்லுகள் விழுந்தால்தான் உண்மையிலேயே பெட்டியை இறக்கும் நேரம் வந்துவிட்டது என்று பொருள். ஓடும்போது கியர் தானாகத் துள்ளி நியூட்ரலுக்கு வருவதும் அப்படித்தான். அதைப் பொறுத்துக்கொண்டு ஓட்டக் கூடாது. மலைச்சாலை இறக்கத்தில் கியர் துள்ளினால் என்ஜின் பிடிமானமே இல்லாமல் போகும்.

கழற்றும் முன் கடைக்குக் கடிதம்

சோதனைகளைச் செய்தாயிற்று; கோளாறு உண்மைதான் என்று தெரிகிறது. இந்த இடத்தில் ஸ்பானரைக் கீழே வைத்துவிட்டு, காரை யாரிடம் வாங்கினோம் என்று யோசிக்க வேண்டும்.

உரிமை மாற்றத்துக்குப் பரிசோதனை முடிந்த கார்தானே என்று பலர் நம்பியிருக்கிறார்கள். அந்தப் பரிசோதனை என்ஜின் எண், சேசிஸ் எண் போன்ற அடையாளங்களைச் சரிபார்ப்பதற்கானது. இரண்டாவது கியர் எப்படி விழுகிறது என்று அங்கே யாரும் ஓட்டிப் பார்த்துச் சான்றிதழ் தருவதில்லை.

பழைய கார் கடையில், அதாவது வியாபாரமாக விற்பவரிடம் வாங்கியிருந்தால் 1999ஆம் ஆண்டின் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் துணைக்கு வரும். சொந்த உபயோகத்துக்கு வாங்கும் வாகனமும் அந்தச் சட்டத்தில் அடங்கும். விற்கப்படும் பொருள் ஏற்கத்தக்க தரத்தில் இருக்க வேண்டும் என்கிறது சட்டம். பொருளின் தன்மையும் விலையும் இதில் கணக்கில் எடுத்துக்கொள்ளப்படும். ஆகவே, இருபத்தைந்து வயதுக் காரில் புதுக் காரின் மென்மையை எதிர்பார்த்து வழக்காட முடியாது. ஆனால், வாங்கிய வாரத்திலேயே கியர் விழாமல் நடுச்சாலையில் நிற்பது வேறு விஷயம். 'இருக்கும் நிலையிலேயே விற்கப்படுகிறது' என்று ரசீதில் ஒரு வரி எழுதிவிட்டால் கடைக்காரர் தப்பித்துக்கொள்ளலாம் என்ற எண்ணமும் தவறு. ஒப்பந்தத்தில் எழுதி இந்தச் சட்டத்தை ஒதுக்கிவிட முடியாது. அதே வேளையில், 'இரண்டாவது கியரில் கோளாறு உண்டு' என்று முன்கூட்டியே குறிப்பாகத் தெரிவித்துத்தான் விற்றார் என்றால், அந்தக் கோளாறைக் காட்டிப் பிறகு புகார் செய்ய இயலாது. கையெழுத்துப் போட்ட தாளை எடுத்து நிதானமாக ஒருமுறை படியுங்கள்.

வரிசைதான் இங்கே முக்கியம். சரிசெய்யக்கூடிய கோளாறு என்றால் முதலில் விற்றவரிடம் சரிசெய்து தரக் கேட்க வேண்டும். அவர் மறுத்தாலோ, நியாயமான காலத்தில் செய்யாமல் இழுத்தடித்தாலோ வேறு இடத்தில் செய்துகொண்டு நியாயமான செலவைக் கோரலாம். தொலைபேசியில் சண்டை போடுவதால் பயனில்லை. தேதி போட்டு எழுத்து மூலம் கேளுங்கள். என்ஜின் அணைந்த நிலையிலும் ஓடும் நிலையிலும் கியர் எப்படி விழுகிறது என்பதைக் கைப்பேசியில் படம் பிடித்து வையுங்கள். கியர் மாற்றும் சத்தமும் மீட்டரில் தெரியும் கிலோமீட்டரும் ஒரே படத்தில் பதிவாகட்டும்.

கடைக்காரர் மசியவில்லை என்றால் பயனீட்டாளர் உரிமைக் கோரல் நடுவர் மன்றம் இருக்கிறது. மனுச் செய்ய ஐந்து வெள்ளி கட்டணம். 50,000 வெள்ளி வரையிலான கோரிக்கையை, மூன்று ஆண்டுகளுக்குள் கொண்டு போகலாம். வழக்கறிஞர் வைத்து வாதாட முடியாது என்பதால் எதிர்த்தரப்பு பெரிய வக்கீலோடு வந்து மிரட்டும் பயமும் இல்லை. தெரிந்தவரிடம், நண்பரின் நண்பரிடம் வாங்கியவர்களுக்கு இந்த வழி கிடையாது. வியாபாரமாகச் செய்யாத தனிநபர் விற்பனை இச்சட்டத்துக்குள் வராது.

அண்டை நாடான சிங்கப்பூரில் 2012 செப்டம்பர் முதல் தேதியிலிருந்து 'லெமன்' சட்டம் நடப்பில் உள்ளது. பழைய கார்களுக்கும் பொருந்தும். பொருளைப் பெற்ற ஆறு மாதத்துக்குள் குறை தெரியவந்தால், அது வாங்கும்போதே இருந்ததாகப் பொதுவாகக் கருதப்படும். இல்லை என்று காட்டுவது விற்றவரின் பொறுப்பு. ஆனால் அங்கும் வயதுக்குரிய தேய்மானத்தைக் குறை என்று சொல்ல முடியாது.

இறக்கித்தான் ஆக வேண்டும் என்றால்

எல்லாம் பார்த்த பிறகும் பெட்டியை இறக்கும் நிலை வந்தால், ஒரே கூலியில் எத்தனை வேலையை முடிக்கலாம் என்று பாருங்கள். கிளட்ச் தட்டு, அழுத்தத் தட்டு, விடுவிக்கும் பேரிங், தண்டு முனையில் உள்ள சிறிய பேரிங், என்ஜினின் பின்பக்க எண்ணெய் சீல் ஆகிய எல்லாமே அப்போது கண்ணெதிரே இருக்கும். இன்று தட்டை மட்டும் மாற்றிவிட்டு ஆறு மாதம் கழித்துப் பேரிங்குக்காக மறுபடியும் இறக்கினால் கூலி இரட்டிப்பாகும். நியூட்ரலில் நிற்கும்போது ஊளைச் சத்தம் வந்து, கிளட்ச்சை மிதித்ததும் நின்றால், பெட்டியின் முன் பேரிங்கைச் சந்தேகிக்க வேண்டும். மிதிக்கும்போதுதான் சத்தமே வருகிறது என்றால், அது விடுவிக்கும் பேரிங். இதைப் போமனிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

பெட்டியைப் பிரித்துச் சின்க்ரோ மாற்றுவதா, பொட்டோங் கடையில் ஜப்பானிலிருந்து வந்த ஹாஃப்கட் பெட்டியை வாங்கிப் போடுவதா என்பது அடுத்த கேள்வி. பிரித்து வேலை செய்யத் தெரிந்த நல்ல கை கிடைத்தால் முதல் வழியே மேல். உள்ளே என்ன மாற்றப்பட்டது என்பதாவது தெரியும். ஹாஃப்கட் பெட்டி மலிவு. ஆனால் அதன் இரண்டாவது கியர் எப்படி இருக்கும் என்று கடைக்காரருக்கே தெரியாது. வாங்கத்தான் வேண்டும் என்றால் கடையிலேயே எண்ணெயை வடிக்கச் சொல்லி, மின்னுகிறதா என்று பாருங்கள். குச்சியைப் பொருத்தி எல்லாக் கியரையும் போட்டு, முன் தண்டைக் கையால் சுற்றிப் பாருங்கள். வேலை செய்யாவிட்டால் எத்தனை நாளுக்குள் மாற்றித் தருவார்கள் என்பதை ரசீதில் எழுதி வாங்குங்கள்.

இன்னொரு விஷயம், அளவு. இரண்டாம் தலைமுறையில் ஆறு கியர் பெட்டியும் வந்தது. ஐந்து கியர் காரின் உரிமையாளர் அதை ஆசைப்பட்டு வாங்கி வந்தால் மற்ற பாகங்கள் பொருந்துமா என்று தனியாக அலைய வேண்டியிருக்கும். கிளட்ச் தட்டும் அப்படியே: 1.6 லிட்டர் என்ஜினுக்கு 200 மில்லிமீட்டர், 1.8 லிட்டருக்கு 215. முப்பது ஆண்டில் என்ஜினே மாற்றப்பட்ட கார்கள் நிறைய இருப்பதால், சாலைப் போக்குவரத்து இலாகாவின் பதிவுத் தாளை மட்டும் பார்த்துத் தட்டை ஆர்டர் செய்ய வேண்டாம். பெட்டி இறங்கியதும் பழைய தட்டின் விட்டத்தை அளந்து, அந்த அளவைச் சொல்லிக் கேளுங்கள்.